33 பக்கக் கடிதமும் பள்ளி டைரியும்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்றொரு சிற்றூர். அங்கே வழக்கறிஞராக இருந்த பியமன் ட்ரிப்ளெட், 1938ஆம் ஆண்டு பால்டிமோர் நகரத்துக் குழந்தை மனநல மருத்துவர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். தட்டச்சில் 33 பக்கம். அத்தனையும் ஐந்து வயது மகன் டொனால்டைப் பற்றியது. ஒரு வயதிலேயே பாட்டின் மெட்டைப் பிசகாமல் முணுமுணுத்தவன். இரண்டு வயதில் நீண்ட கேள்வி பதில்களை மனப்பாடமாக ஒப்பித்தவன். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். அப்பா வீட்டுக்கு வந்தாரா, வெளியே போனாரா என்பது அவனுக்குப் பொருட்டில்லை. கையில் கிடைத்ததைச் சுழற்றிவிட்டுத் துள்ளுவான். தனியாக விட்டால் அவனைப் போல மகிழ்ச்சியான பிள்ளை கிடையாது.

அந்தக் கடிதத்துக்கு முன்பு ஏறக்குறைய ஓராண்டுக் காலம் டொனால்ட் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் இருந்தான். மருத்துவர்கள் சொன்னதைக் கேட்டுப் பெற்றோரே கொண்டுபோய் விட்டிருந்தார்கள். பிறகு மனம் கேளாமல் திரும்ப அழைத்துவந்தார்கள். பால்டிமோருக்குப் போகும்போது காட்டுவதற்காகப் பிள்ளையைப் பற்றி எழுதித் தரும்படி காப்பகத் தலைவரைக் கேட்டார்கள். ஓராண்டு அவனைப் பார்த்துக்கொண்ட நிறுவனம் எழுதித் தந்தது அரைப் பக்கம். சுரப்பிக் கோளாறாக இருக்கலாம் என்ற ஊகமே அதன் சாரம்.

கடிதத்தைப் படித்த மருத்துவர் லியோ கன்னர். 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் ஆட்டிசம் என்ற நிலையை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அதில் முதல் குழந்தை டொனால்ட். கன்னர் அவனை நேரில் பார்த்துச் சோதித்தார் என்றாலும், பிள்ளையின் முதல் நான்கைந்து ஆண்டுகளை அவர் அறிந்துகொண்டது அந்த 33 பக்கங்களிலிருந்துதான்.

ஒரே பிள்ளை; ஒரு கையில் 33 பக்கம், இன்னொரு கையில் அரைப் பக்கம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து செயல்பட வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோம். கருத்தரங்குகளில் சொல்கிறோம், சுற்றறிக்கைகளில் எழுதுகிறோம். ஆனால் சேர்ந்து செய்ய வேண்டிய காரியம் எது என்று யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. என் பார்வையில் அது எளிய, ஆனால் சலிக்காமல் செய்ய வேண்டிய ஒரு வேலை: பிள்ளை ஓரிடத்தில் வெளிப்படுத்துவதை, பார்த்தது பார்த்தபடி, இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அந்தப் பிள்ளையால் தானாகச் செய்ய முடியாத வேலை அதுதான்.

சாட்சி குற்றவாளியான கதை

இந்த எளிய வேலை நடக்காமல் போனதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கன்னரின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே அதன் விதை உண்டு. இந்த இயல்பு பிறவியிலேயே வருவது என்று முடிவுரைத்த அவர், இந்தப் பெற்றோர்களில் உள்ளன்பு ததும்புகிறவர்கள் மிகச் சிலரே என்றும் போகிறபோக்கில் குறித்தார். 1949இல், குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கப்பட்ட பிள்ளைகள் என்ற உவமையைக் கையாண்டார். உவமை அவரைவிட வேகமாக ஓடிவிட்டது. ‘குளிர்பெட்டித் தாய்’ என்ற வசைச் சொல் பிறந்தது. சிகாகோவில் மனநலம் குன்றிய குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளியை நடத்திவந்த புரூனோ பெட்டல்ஹெய்ம் 1967இல் எழுதிய புத்தகம், தாயின் வெறுப்பே பிள்ளையை உள்ளொடுங்க வைக்கிறது என்ற கருத்தை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நோய்க்குக் காரணம் தாய் என்றானால் சிகிச்சை என்ன? தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது. பள்ளியும் மருத்துவமனையும் அடைக்கலமாயின, வீடு ஆபத்தான இடமாயிற்று. பிள்ளை எப்போது தூங்குகிறது, எந்தச் சத்தத்துக்கு அலறுகிறது, எதைக் காட்டினால் அமைதியாகிறது என்று எல்லாம் தெரிந்த ஒரே ஆள், பேசினாலே சந்தேகத்துக்கு உள்ளானார். சாட்சிக் கூண்டில் நின்றவரைக் குற்றவாளிக் கூண்டுக்கு மாற்றினால் வாக்குமூலம் கிடைக்குமே தவிர, சாட்சியம் கிடைக்காது.

இதை உடைத்தவர்களும் பெற்றோர்களே. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக இருந்த பெர்னார்ட் ரிம்லண்ட் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. 1964இல் அவர் எழுதிய நூல், இது மூளை வளர்ச்சி சார்ந்த உயிரியல் நிலை என்று சான்றுகளோடு வாதிட்டது. அதற்கு முன்னுரை எழுதியவர் கன்னர். 1969இல் அமெரிக்கப் பெற்றோர் அமைப்பின் கூட்டத்தில், பெற்றோர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அவரே மேடையில் அறிவித்தார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, இதில் மரபணுவின் பங்கு பெரிது என்று காட்டினார்கள்.

அறிவியல் தீர்ப்பை மாற்றிவிட்டது. ஊர்வாய் இன்னும் மாற்றவில்லை. “வேலைக்குப் போற அம்மா, வேற என்ன ஆகும்”, “கைக்குழந்தையிலேயே போனைக் கொடுத்துட்டாங்க” என்று நம் தெருக்களில் கேட்பவை அந்தப் பழைய குற்றப்பத்திரிகையின் மறுபதிப்புகள்தான். பெயர் வைத்ததிலும் இந்தச் சறுக்கல் தெரிகிறது. தமிழில் ஆட்டிசத்துக்கு ‘மதியிறுக்கம்’ என்றார்கள். அரசு ஆவணங்களோ ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று எழுதுகின்றன. பக்கத்துத் தெருவில் வெடிக்கிற பட்டாசுக்குக் காதைப் பொத்திக்கொண்டு நடுங்கும் பிள்ளைக்குப் புற உலகம் இல்லாமல் போகவில்லை. அது தாங்க முடியாத அளவுக்கு உள்ளே வந்துவிடுகிறது. அதனால்தான் பெற்றோர் பலரும் ஆட்டிசம் என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

கிணற்றின் ஆழம்

டொனால்டுக்கு ஒன்பது வயது நடக்கும்போது, ஊருக்குச் சில மைல் தள்ளி இருந்த ஒரு விவசாயத் தம்பதியின் பண்ணையில் அவனை விட்டார்கள் பெற்றோர். பிள்ளையில்லாத, பெரிய படிப்பில்லாத எளிய மனிதர்கள் அவர்கள். அப்பா அம்மா அடிக்கடி போய்ப் பார்த்து வந்தார்கள். 1945இல் கன்னரும் அங்கே போனார். கண்டதை 1971இல் எழுதிய தொடராய்வில் வியப்போடு பதிவு செய்தார்.

டொனால்டுக்கு எதையாவது அளந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தத் தம்பதி அவனைக் கிணறு தோண்டும் வேலையில் சேர்த்து, ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார்கள். செத்த பறவைகளைப் பொறுக்கிச் சேர்க்கும் பழக்கம் இருந்தது. அவற்றைப் புதைக்க ஓர் இடம் ஒதுக்கி, அடையாளக் குறி நடச் சொன்னார்கள். சோளப் பயிரின் வரிசைகளை ஓயாமல் எண்ணினான். ஏரைக் கொடுத்து, உழுதபடியே எண்ணு என்றார்கள். உழவு நடந்தது, எண்ணிக்கையும் நடந்தது. பக்கத்திலிருந்த கிராமப் பள்ளியில் அவனைச் சேர்த்தபோது, அங்கேயும் அவனது விசித்திரங்களை ஏற்றுக்கொண்டார்கள். அவன் படிப்பில் முன்னேறினான்.

இங்கே நடந்தது தற்செயல் இல்லை. பிள்ளையிடம் இருக்கும் நாட்டத்தைப் பிடியாகப் பற்றிக்கொண்டு, அதிலிருந்து பயனுள்ள அடுத்த அடியை எடுத்துவைக்கச் செய்தார்கள். பண்ணை ஒன்று சொல்ல, பள்ளி வேறொன்று சொல்லவில்லை. பெற்றோர் விலகிப் போய்விடவும் இல்லை. பெற்ற வீடு, வளர்த்த வீடு, பள்ளி ஆகிய மூன்றும் ஒரே பிள்ளையைப் பற்றியே பேசின.

பின்னாளில் டொனால்ட் சொந்த ஊருக்குத் திரும்பி உயர்நிலைப் பள்ளியில் படித்தார், கல்லூரியில் பட்டம் பெற்றார், உள்ளூர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், உலகம் சுற்றினார். 2023இல், 89 வயதில் மறைந்தார். இதை அற்புதக் கதையாகச் சொல்லக் கூடாது. தாயின் குடும்பம் அந்த வங்கியோடு தொடர்புடையது. வசதியும் செல்வாக்கும் இருந்தன, ஊரும் அவரை அரவணைத்தது. ஆனால் அதே 1971 ஆய்வில் கன்னர் இன்னொன்றையும் காட்டினார். அந்த 11 பேரில் அரசு மனநல விடுதிகளில் விடப்பட்டவர்கள் இருந்த திறமைகளையும் இழந்து மங்கிப்போனார்கள். பிள்ளைகளுக்குள் இருந்த வேறுபாடு பாதிக் காரணம் என்றால், அவர்களைச் சுற்றியிருந்த மனிதர்கள் எத்தனை பக்கம் எழுதக்கூடியவர்களாக இருந்தார்கள் என்பது மறுபாதி.

படியிறங்காத பாடம்

வீடும் பள்ளியும் பேசிக்கொள்வது எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லதுதான். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அது ஏன் கட்டாயத் தேவையாகிறது?

ஒரு பிள்ளை பள்ளியில் தாகம் எடுத்தால் தண்ணீர்க் குவளையின் படத்தை எடுத்து ஆசிரியர் கையில் கொடுக்கக் கற்றுக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியருக்கு அது மூன்று மாத உழைப்பு. மாலையில் அதே பிள்ளை வீட்டுச் சமையலறை வாசலில் நின்று அழுகிறது. அம்மாவுக்கு ஏன் என்று தெரியவில்லை. பிள்ளை மறந்துவிடவில்லை. அது கற்றது, ‘இந்த மேசை, இந்த டீச்சர், இந்தப் படம்’ மூன்றும் சேர்ந்த ஒரு காட்சியை. அந்தக் காட்சி வீட்டில் இல்லை. ஓரிடத்தில் கற்றதை வேறிடத்துக்கு, வேறு மனிதருக்கு, வேறு பொருளுக்குப் பெயர்த்துக்கொள்வது ஆட்டிசத்தில் மிகக் கடினமான காரியம் என்பது பல பத்தாண்டு ஆய்வுகளில் உறுதியான உண்மை. மற்றப் பிள்ளைகள் பாடத்தைப் புத்தகப் பையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இந்தப் பிள்ளையின் பாடம் பள்ளிப் படியை விட்டு இறங்குவதில்லை. பெரியவர்கள்தான் சுமந்து வர வேண்டும். அதே படம் சமையலறைக் கதவிலும் ஒட்டப்பட வேண்டும், அது கைக்கு வந்த உடனே தண்ணீரும் வர வேண்டும்.

இரண்டாவது காரணம், இரண்டு இடத்திலும் பிள்ளை ஒரே பிள்ளையாக இருப்பதில்லை. பெற்றோர் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் உரையாடல் இது:

“வீட்ல இப்படியெல்லாம் பண்ண மாட்டானே மிஸ்.”

“இங்க தினமும் இப்படித்தாம்மா பண்றான்.”

இருவரும் உள்ளுக்குள் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: எதிரில் இருப்பவர் எதையோ மறைக்கிறார். உளவியலாளர் தாமஸ் ஆக்கன்பாக்கும் சகாக்களும் 1987இல், குழந்தைகளின் நடத்தைச் சிக்கல்களைப் பற்றிய 119 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒரே சூழலில் பார்க்கிற இருவர், அதாவது தாயும் தந்தையும் போன்றோர், தந்த மதிப்பீடுகளுக்கு இடையிலான ஒட்டுறவு சராசரியாக 0.60. பெற்றோரும் ஆசிரியரும் போல வெவ்வேறு சூழலில் பார்ப்பவர்களுக்கு இடையே அது 0.28 மட்டுமே. ஆட்டிசத்துக்கென்று செய்யப்பட்ட கணக்கில்லை இது. எல்லாக் குழந்தைகளுக்கும் இதுதான் நிலை. யாரும் பொய் சொல்வதில்லை, பார்த்த பிள்ளைதான் வேறு.

ஆட்டிசத்தில் இந்த இடைவெளி இன்னும் பொருளுள்ளது. காலை வழிபாட்டு ஒலிபெருக்கி, மின்விசிறியின் கிறீச்சொலி, மணியடித்ததும் எழும் இரைச்சல், உரசிக்கொண்டு நிற்கும் வரிசை எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிய பிள்ளை, பள்ளி வேனை விட்டு இறங்கியதும் வீட்டு வாசலில் வெடித்து அழலாம். பள்ளியின் பதிவில் அது சமர்த்து. வீட்டில் பார்த்தால் அடம். இரண்டு பதிவையும் அருகருகே வைத்தால்தான் காரணம் புலப்படும்: வீட்டு அழுகைக்கு வேர் பள்ளி மணியில் இருக்கிறது. ஆகவே பெற்றோரும் ஆசிரியரும் ஒத்துப்போகாத இடத்தில்தான் துப்பு இருக்கிறது.

கண்ணாடிச் சுவருக்கு இரு பக்கமும்

இந்த உண்மையை வைத்து முறையான ஓர் அமைப்பையே கட்டியவர் எரிக் ஷாப்லர். ஜெர்மனியில் பிறந்த யூதர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிச் சிறுவயதில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்தவர். சிகாகோவில் படித்து, பெட்டல்ஹெய்மின் கொள்கையை அருகிலிருந்து பார்த்து, அதை வெறுத்தவர். மனநல மருத்துவர் ராபர்ட் ரைக்லரோடு சேர்ந்து 1966இல் வட கரோலினாவின் சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கினார். 1971இல் இருவரும் எழுதிய கட்டுரை, பெற்றோரை இணைச் சிகிச்சையாளர் என்று அழைத்தது. அந்தக் காலத்தில் அது ஒரு கலகக் குரல்.

செய்முறை இதுதான். ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்கு உள்ளே சிகிச்சையாளர் பிள்ளையோடு வேலை செய்வார். வெளியே நின்று பெற்றோர் பார்ப்பார்கள். வீட்டில் செய்ய வேண்டியதை எழுதி வாங்கிக்கொண்டு போவார்கள். இது வரை எல்லா இடத்திலும் நடப்பதுதான். ஷாப்லரின் முறையில் அடுத்து இடம் மாறும்: வீட்டில் செய்ததைப் பெற்றோர் உள்ளே போய்ச் செய்துகாட்ட, சிகிச்சையாளர் வெளியே நின்று கற்றுக்கொள்வார். இருவரும் முறை வைத்து மாணவராவார்கள். பெற்றோர்கள் சட்டமன்ற உறுப்பினர்களிடம் முறையிட்டார்கள். அதன் பலனாக 1972இல் வட கரோலினா மாநிலம் இதைத் தன் மாநிலம் முழுமைக்குமான திட்டமாகச் சட்டத்தின் வழியே ஏற்றது. இன்று ‘டீச்’ என்ற பெயரில் உலகெங்கும் அறியப்படுவது இதுவே. நாளின் வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் மாட்டும் பழக்கம் நம்மூர் சிறப்புப் பள்ளிகளுக்கு வந்ததில் இதற்குப் பங்குண்டு.

லண்டனில் வேறொரு வழி. 1962இல் சிபில் எல்கர் என்ற மாண்டிசோரி ஆசிரியை தன் வீட்டு நிலவறையில் சில குழந்தைகளுக்குப் பாடம் நடத்தத் தொடங்கினார். அதே ஆண்டு பெற்றோர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1965இல் சங்கமும் ஆசிரியையும் சேர்ந்து ஈலிங் பகுதியில் ஒரு பள்ளியைத் திறந்தார்கள். இந்தியாவிலும் பெற்றோர்தான் முதலில் நடந்தார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தாயான மெரி பருவா 1991இல் டெல்லியில் தொடங்கிய ‘ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்’ அமைப்பு, 1994இல் பள்ளி கண்டது. பெற்றோரும் பிள்ளையும் மூன்று மாதம் ஒன்றாக வகுப்புக்கு வந்து பயிலும் திட்டத்தையும் நடத்தியது.

சான்றுகள் சொல்வதும் சொல்லாததும்

சேர்ந்து செயல்பட்டால் பலன் உண்டா? ஆய்வுகள் ஆம் என்கின்றன. ஆனால் நிபந்தனைகளோடு.

இங்கிலாந்தில் ‘பேக்ட்’ என்ற ஆய்வு 2010இல் வெளியானது. 152 சிறு குழந்தைகள். பிள்ளையோடு விளையாடுவதைப் படம்பிடித்து, அதைப் பெற்றோருக்கே போட்டுக்காட்டி, பிள்ளை தரும் நுட்பமான சைகைகளைக் கவனிக்கப் பழக்கினார்கள். பெற்றோர் பிள்ளையோடு இசைந்து போவது கூடியது, பிள்ளை தானாகத் தொடர்புகொள்வதும் கூடியது. ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகளைத் திரும்பப் பார்த்தபோதும் பலன் நிலைத்திருந்தது. இந்த முறையைக் கோவாவுக்கும் பாகிஸ்தானின் ராவல்பிண்டிக்கும் ஏற்ப மாற்றிச் செய்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. அங்கே பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நிபுணர்கள் அல்லர், பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். பலன் அங்கும் தெரிந்தது. மருத்துவர் பற்றாக்குறையுள்ள தெற்காசியாவுக்கு இது முக்கியமான செய்தி.

அப்படியானால் வீட்டோடு பள்ளியையும் சேர்த்தால் பலன் இரட்டிப்பாக வேண்டுமே? அதைத்தான் 2022இல் வெளியான அடுத்த ஆய்வு சோதித்தது. 249 குழந்தைகள். பெற்றோருக்கும் பள்ளி உதவியாளருக்கும் ஒருசேரப் பயிற்சி. பிள்ளை பெற்றோரோடும் பள்ளிப் பணியாளரோடும் தொடர்புகொள்வது மேம்பட்டது. ஆனால் ஆட்டிசத்தின் தீவிரத்தை அளக்கும் முதன்மை அளவுகோலில், வழக்கமான உதவி மட்டும் பெற்ற குழந்தைகளைவிடக் கூடுதல் மாற்றம் தெரியவில்லை. இதை மூடி மறைக்கக் கூடாது. கூட்டுறவு ஆட்டிசத்தைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு என்றே இதைப் படிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் பிள்ளையால் தன்னை வெளிப்படுத்திக்கொள்ள முடிகிறது என்பதே போதுமான லாபம்.

இன்னொரு சான்று அமெரிக்காவிலிருந்து. லிசா ரூபிளும் நான்சி டால்ரிம்பிளும் உருவாக்கிய ‘காம்பஸ்’ முறையில், கல்வியாண்டின் தொடக்கத்தில் பெற்றோரும் ஆசிரியரும் ஆலோசகரோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். முடிவில் மூன்றே மூன்று இலக்குகள்: தொடர்புகொள்வதில் ஒன்று, பழகுவதில் ஒன்று, வேலை செய்யும் திறனில் ஒன்று. பிறகு ஆண்டு முழுதும் ஆலோசகர் நான்கு முறை ஆசிரியரைச் சந்தித்து, இலக்கு எங்கே நிற்கிறது என்று ஐந்து படி அளவுகோலில் பார்ப்பார். 2010இல் வெளியான சோதனையில் 35 ஆசிரியர்கள், ஆளுக்கொரு மாணவர். இந்த முறையில் பயின்ற பிள்ளைகள் மற்றவர்களைவிடத் தங்கள் இலக்குகளில் வெகுதூரம் முன்னே போயிருந்தார்கள். பத்துப் பக்கத் திட்டத்தைக் கோப்பில் போட்டு வைப்பதைவிட, இருவருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த மூன்று வரி மேல் என்பதே இதன் பாடம்.

கூண்டு கைமாறுகிறது

2021ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் ஏறக்குறைய 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நம் நாட்டின் 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016ஆம் ஆண்டு உரிமைகள் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்றாக அங்கீகரித்து, 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்புள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. 2021இல் உச்ச நீதிமன்றம், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளில் தொடக்க நிலையில் 10 பேருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் சிறப்பாசிரியர்கள் வேண்டும் என்றது.

தாளில் உள்ள இந்த விகிதத்துக்கும் வகுப்பறைக்கும் தூரம் அதிகம். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்குச் சுற்றி வருகிறார். மற்ற நாட்களில் அந்தப் பிள்ளை, முப்பது நாற்பது பேருக்கு நடுவில், ஆட்டிசத்தைப் பற்றி ஒரு நாள் பயிற்சி மட்டும் பெற்ற ஆசிரியரின் பொறுப்பு. தனியார் பள்ளியில், பிள்ளையின் கூடவே இருந்து உதவும் ‘ஷேடோ டீச்சர்’ வைத்தால்தான் சேர்ப்போம் என்று சொல்லி, அந்தச் சம்பளத்தைப் பெற்றோர் தலையில் வைப்பதும் நடக்கிறது.

பிள்ளை வகுப்பில் ஓர் ஓரத்தில் சும்மா உட்காரவைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும் தாய் ஆசிரியரைச் சபிக்கிறார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஒரு காலத்தில் தாய் நின்ற கூண்டில் இன்று ஆசிரியர் நிற்கிறார் என்பதும் உண்மை. கூண்டில் யார் நின்றாலும் சாட்சியம் கிடைக்காது என்பதை நாம் ஏற்கெனவே பார்த்தோம். “எனக்கு இவனைப் புரியவில்லை” என்று ஓர் ஆசிரியர் வாய்விட்டுச் சொல்ல இயலும் பள்ளியில்தான் புரிதல் தொடங்கும்.

கேள்வி கேட்கும் இடமும் சட்டத்தில் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். நலிவுற்ற பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அதில் உரிய விகிதத்தில் இடம் தர வேண்டும். 2012இன் திருத்தம் மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளையும் அந்தப் பிரிவில் சேர்த்தது. இரைச்சல் குறைந்த ஒரு மூலை, மணியடிக்கும் முன் ஒரு முன்னறிவிப்பு, சிறப்பாசிரியர் வரும் நாளின் அட்டவணை ஆகியவற்றைத் தனி ஆசிரியரிடம் இறைஞ்சுவதைவிட அந்தக் குழுவின் தீர்மானமாகக் கொண்டுவருவது இருவருக்கும் பலம்.

டைரியில் எழுத வேண்டிய வரி

பள்ளி டைரியில் சாதாரணமாக வரும் குறிப்பு இப்படி இருக்கும்: ‘இன்று மிகவும் அடம். பெற்றோர் கவனிக்கவும்.’ அதைப் படிக்கும் அம்மாவுக்கு வயிறு கலங்குகிறது, செய்வதற்கு ஒன்றுமில்லை. அதே நிகழ்ச்சியை இப்படி எழுதலாம்: ‘11.10க்கு மணி அடித்தது. காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போனான். கையைப் பிடித்து இழுத்ததும் கடித்தான். விட்டுவிட்டோம். 6 நிமிடத்தில் தானே வந்தான்.’ முன்னே நடந்தது, அவன் செய்தது, பின்னே நடந்தது மூன்றும் இதில் உள்ளன. தீர்ப்பு இல்லை. வீட்டிலிருந்து போகும் வரியும் அப்படித்தான்: ‘இரவு 2 மணிக்கு எழுந்தவன் தூங்கவில்லை. காலையில் இட்லி தொடவில்லை.’ இரண்டு வரிகளும் ஒரே பக்கத்தில் இருந்தால் கடித்தது அடம் இல்லை என்று யாருக்கும் புரியும்.

சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்கு இது பெரிய பிரச்சினை. வீட்டில் ‘தண்ணி’, தமிழ்ப் பாடத்தில் ‘தண்ணீர்’, வகுப்பில் ‘வாட்டர்’. தொடக்கத்தில் படத்தின் கீழே எந்தச் சொல் என்று இருவரும் முடிவுசெய்து அதையே சொல்லிப் பழக்கலாம். ஆனால் அதற்காக வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலமே பேசுங்கள் என்று தரப்படும் அறிவுரைக்கு ஆதாரம் இல்லை. கனடாவில் ஹாம்ப்ளியும் ஃபோம்போனும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இரு மொழிச் சூழலில் வளர்ந்த ஆட்டிசக் குழந்தைகள் ஒரு மொழிக் குழந்தைகளைவிட மொழி வளர்ச்சியில் கூடுதலாகப் பின்தங்கவில்லை. வீட்டு மொழியை எடுத்துவிட்டால் பாட்டியின் கதையும் தாத்தாவின் கேலியும் சேர்ந்தே போய்விடும். பேச ஏற்கெனவே சிலரே உள்ள பிள்ளையிடமிருந்து அவர்களையும் பிடுங்குவது எந்தச் சிகிச்சையிலும் சேராது.

கடைசியாக ஒரு கேள்வியை இருவரும் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த இலக்கு யாருக்காக? கண்ணைப் பார்த்துப் பேசு, கையை உதறாதே, ஆடாமல் உட்கார் என்ற இலக்குகள் பெரும்பாலும் பார்ப்பவரின் நிம்மதிக்காக வைக்கப்படுபவை. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் இதை இன்று வெளிப்படையாகவே எழுதுகிறார்கள். கையை உதறுவது அவர்களுக்கு மூச்சை இழுத்துவிடுவது போன்ற ஆறுதல். தாகம் என்று சொல்லத் தெரிவது, வலிக்கிற இடத்தைக் காட்டத் தெரிவது, வேண்டாம் என்று மறுக்கத் தெரிவது ஆகியவை பிள்ளைக்கான இலக்குகள். பெற்றோரும் ஆசிரியரும் ஒற்றுமையாக இருந்தும் பிள்ளைக்கு எதிராக அணி சேர்ந்துவிட முடியும். அந்தக் கூட்டணியைவிட அவர்கள் முரண்பட்டிருப்பதே நல்லது.

பண்ணையில் அந்த விவசாயியும் மனைவியும் டொனால்டின் எண்ணும் பழக்கத்தை நிறுத்த முயன்றிருக்கலாம். அப்போது அவர்களைப் பற்றி யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். அவர்கள் கவனித்தார்கள், எண்ணுவதற்குச் சோள வரிசையைக் கொடுத்தார்கள். பள்ளியும் அவன் விசித்திரங்களை ஏற்றுக்கொண்டது. நாளைக் காலை பள்ளி வேனில் ஏறும் ஏதோ ஒரு பையில் ஒரு டைரி இருக்கும். அதில் நேற்றைய பக்கத்தில், பிள்ளை எதை எண்ணியது, எதைச் சுழற்றியது, எப்போது சிரித்தது என்று ஒரு வரி இருந்தால், மறுபக்கத்தில் எழுத ஆசிரியருக்கும் ஒரு வரி கிடைக்கும். ஒரு நாளில் 33 பக்கம் யாராலும் எழுத முடியாது. நாளுக்கு இரண்டு வரி வீதம் எழுதினால் ஓராண்டில் அந்தக் கனம் வந்துவிடும்.